நிற்பதற்கு நான் வரவில்லை

எனக்கு முப்பத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஃபுட்பால் டீமில் சேரச் சொல்லி என்னைத் தேடி ஆள் வந்தது. அந்த வயதுப் பெண்ணைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சீட்டுக்கு ஆள் சேர்க்கத்தான் வருவார்கள், இல்லையென்றால் இன்சூரன்ஸ். அதனால் ஆபீஸ் ரூமில் ஒருவர் காத்திருக்கிறார் என்று சொன்னபோது கழுத்தில் கிடந்த விசிலைக்கூடக் கழற்றாமல் போனேன். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள் என்று நின்றபடியே கேட்டேன்.

ஒத்தக்கடையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் நான். வீடு திருப்பரங்குன்றத்தில். காலையில் பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பிறந்தது செக்கானூரணிப் பக்கம், வெள்ளாமை செய்கிற குடும்பம். காலேஜ் படிக்கும்போது மாநில அணிக்கு ஆடினேன். ஒரு பைனலில் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நான் அடித்த கோலில் கோப்பை வந்தது. மறுநாள் பேப்பரில் என் படம் போட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாணம், மகள், இந்த வேலை. நடுவில் சில வருஷம் பந்தைத் தொடவே இல்லை. ஊரெல்லாம் டர்ஃப் கிரவுண்டு முளைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தோழிகள் நாலைந்து பேரோடு ஆட ஆரம்பித்தேன். யாரும் பார்க்க வராத ஆட்டம். எனக்கு அது போதவில்லை. இது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

வந்திருந்தவர் மேலூர் ரோட்டில் பிளாட் போட்டு விற்கிறவர். என்னைவிடச் சின்னவர். அமெரிக்காவில் பல வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்து தொழிலை எடுத்துக்கொண்டார். பெண்களுக்கென்று ஒரு ஃபுட்பால் டீம் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். எல்லாம் காலேஜ் பிள்ளைகள், நல்லா ஆடுகிறார்கள், ஆனால் பார்க்க ஆள் வரமாட்டேன் என்கிறது. அதற்கு ஒரு வழி இருக்கிறது, அங்கே நேரில் பார்த்தேன் என்று அவர் இருந்த ஊரின் கதையைச் சொன்னார்.

அந்த ஊர் டீம் ஆடினால் பாதி சீட்டு காலியாகக் கிடக்குமாம். ஒரு வருஷம், ஐரோப்பாவில் பெரிய பெரிய கோப்பையெல்லாம் தூக்கிய ஒரு ஆட்டக்காரரை முப்பத்தேழு வயதில் கொண்டுவந்து இறக்கினார்களாம். முதல் மேட்ச் அன்று கார் நிறுத்த இடமில்லை. அதுவரை ஃபுட்பால் என்றால் என்னவென்று தெரியாதவர்களெல்லாம் அவர் பேர் போட்ட ஜெர்சியோடு திரிந்தார்கள். கனடாவிலும் இதே கதைதான், அந்தப் பக்கம் முழுக்க இப்படித்தான் கூட்டம் சேர்த்தார்கள் என்றார்.

அவர் நல்லா ஆடினாரா என்று கேட்டேன்.

"ஆடினாரு, மேடம். நாங்க எல்லாரும் அவரைப் பார்க்கத்தானே போனோம்."

"அவர் கொடுத்த பாஸ்ல ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். டிராஃபிக் ஜாம் ஞாபகம் இருந்தது, டிக்கெட்டுக்கு அலைந்தது ஞாபகம் இருந்தது. பாஸ் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சிரித்துக்கொண்டே, அதெல்லாம் முக்கியமில்லை மேடம், நீங்கள் ஓட வேண்டியதில்லை, கிரவுண்டில் நின்றாலே போதும், உங்களுக்கு இந்த மாவட்டத்தில் ஒரு பேர் இருக்கிறது என்றார்.

"நிக்கிறதுக்கு நான் வரல. ஆடுறதுக்குன்னா வாரேன்."

அவர் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டார். சரி சரி, ஆடுங்கள் என்று சொல்லி, பொங்கல் டோர்னமெண்ட் வரைக்கும் மேட்சுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் பேசிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன அந்த அமெரிக்க லீகை நான் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்களுக்கு அங்கே சாயங்காலம் என்றால் நமக்கு விடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கடைக்குக் கிளம்பும் முன் அடுப்படியில் மிக்ஸி மேல் போனைச் சாய்த்து வைத்துவிடுவார். நான் தோசை ஊற்றிக்கொண்டே பார்ப்பேன், அவர் தின்றுகொண்டே பார்ப்பார். எங்களுக்குப் பிடித்தவர் ஒருவர் இருந்தார். ஐரோப்பாவில் பத்துப் பதினைந்து வருஷம் நடுக்களத்தில் ஆடிவிட்டு, இனி வேண்டாம் என்று அவருடைய கிளப் கைகழுவிய பிறகு அங்கே போனவர். நரைத்த தாடி. முதல் சில ஆட்டங்களில் பிளாஸ்டிக் புல்லில் கால் வழுக்கி விழுந்தார். அவர் தாய்நாட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கடந்தாலும் வராத தூரத்துக்கு விமானத்தில் போய் ஒரு மேட்ச் ஆட வேண்டியிருந்தது. ஜூலை வெயில் அவர் முகத்தைப் பழுக்கவைத்தது. நம்மூர் வெயிலில் ஆடுகிறவளுக்கு அந்த முகம் நன்றாகவே புரியும்.

பி.டி. டீச்சர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் இந்த மாதிரி ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே கிண்டல்தான். பென்ஷன் வாங்கப் போயிருக்கிறான், கடற்கரையில் காற்று வாங்கப் போயிருக்கிறான், அது லீகா முதியோர் இல்லமா என்று ஆளுக்கொன்று எழுதுவார்கள். நான் விடமாட்டேன். காற்று வாங்கப் போனவர்களும் இருக்கிறார்கள்தான், ஒத்துக்கொண்டேன். பந்து பக்கத்தில் வந்தால்கூட இடுப்பில் கைவைத்து நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவனுக்கு ஆடத் தெரியும், ஆட ஆசை இருக்கிறது, பழைய இடத்தில் வேண்டாம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் வா என்கிறார்கள். அவன் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பழைய வீடியோ பார்க்க வேண்டும் என்று சொல்ல நாம் யார் என்று கேட்டேன். ஐம்பத்தெட்டு வயதுவரை சம்பளம் வாங்கப்போகிற வாத்தியார்கள் முப்பத்தெட்டில் ஒருவனைப் போகச் சொல்வது என்ன நியாயம் என்றும் எழுதினேன். 

டீமில் சேரப்போவதை வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் முட்டியைப் பற்றி மட்டும் கேட்டார். செக்கானூரணியில் என் அண்ணனுக்குச் செய்தி போய், அவர் போன் பண்ணிவிட்டார். பெரியவளாகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த வயதில் அரைக்கால் டவுசரோடு ஊர் முன்னால் ஓடுவாயா என்றார். பள்ளிக்கூடத்தில் டிராக் பேண்ட்டோடு தினமும் ஓடத்தானே செய்கிறேன், அண்ணே, இதற்குக் கொஞ்சம் துணி குறைவு, அவ்வளவுதான் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஒரு காலேஜுக்குப் பின்னால் இருக்கிற செம்மண் கிரவுண்டில் பிராக்டிஸ். சாயங்காலமானால் யானைமலை நிழல் பாதி கிரவுண்டுக்கு வந்துவிடும், எல்லாரும் அந்தப் பாதியில்தான் ஓடுவார்கள். முதல் நாள் நான் போய் நின்றபோது கோச் திகைத்துப்போனாள். அவளுக்கு முப்பது வயது இருக்கும். நான் மாவட்ட அணியில் சீனியராக இருந்தபோது அவள் ஜூனியரில் ஆடிக்கொண்டிருந்தவள். அவளுடையது சௌராஷ்டிரக் குடும்பம், அப்பா வீட்டிலேயே தறி போட்டு ஜவுளி வியாபாரம். ஏழு மணி ஆனால் அம்மாவிடமிருந்து போன் வரும், அவர்கள் பாஷையில் கடகடவென்று ஏதோ சொல்லிவிட்டு மறுபடி எங்களைப் பார்த்துத் தமிழில் கத்துவாள். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, சார் உங்களைப் பிராக்டிஸுக்குக் கூப்பிடலையே. மேட்சுக்கு மட்டும் வந்தாப் போதும்னாரு" என்றாள்.

பிராக்டிஸுக்கு வராமல் மேட்ச் ஆடுகிற ஆளை உனக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். பிடிக்காது என்று தலையை ஆட்டினாள். அப்படியென்றால் என்னை வரிசையில் நிறுத்து என்றேன். நிறுத்தினாள். அன்று ஓடிய ஓட்டத்தில் எனக்கு வாந்தி வந்தது. வேலியோரம் போய் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றேன். பிள்ளைகளில் சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள், சிலர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒத்தக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் எதிரே பெரிய ஃப்ளெக்ஸ். அதில் ஒரே ஒரு முகம், என்னுடையது. ஆனால் அது இருபத்தொரு வயது முகம். பேப்பரில் வந்த பழைய படத்தை எங்கேயோ தேடிப் பிடித்து, கன்னத்தில் வெள்ளை ஏற்றி, பின்னால் நெருப்பு எரிகிற மாதிரி போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தால்தானே தோன்றும்.

அங்கேயே நின்று டீம் முதலாளிக்கு போன் போட்டேன். இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு வந்து ஆட வையுங்கள் என்றேன். அக்கா, எல்லா இடத்திலும் பழைய படம்தான் போடுவார்கள், அமெரிக்காவிலும் அப்படித்தான், ஜனங்களுக்கு அந்த முகம்தானே தெரியும் என்றார். மேடம் அதற்குள் அக்காவாகியிருந்தது.

"ஜனங்க வந்து பாக்கப்போறது இந்த மூஞ்சியத்தானே. அதைப் போடுங்க. பாத்துட்டு வாரவுக வரட்டும்."

அவர் மறுநாள் ஒரு போட்டோகிராபரை அனுப்பினார். வந்தவர் பவுடர் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காதோரம் நரை, கண்ணுக்குக் கீழே கறுப்பு, வெயிலில் கருத்த நெற்றி எல்லாம் அப்படியே புது ஃப்ளெக்ஸில் ஏறின. எங்கள் தலைமையாசிரியை பார்த்துவிட்டு, கொஞ்சம் சிரித்திருக்கலாமே டீச்சர் என்றார்.

முதல் ஆட்டம் ஒரு காலேஜ் டீமோடு, சும்மா சிநேகத்துக்கு. நடுக்களத்தில் என்னை இறக்கினார்கள். மோசமாக ஆடினேன். மனசு போகிற இடத்துக்குக் கால் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பாதியில் வெளியே எடுத்தார்கள். கூட்டம் மட்டும் வந்திருந்தது, கை தட்டியது. முதலாளிக்கு ரொம்பத் திருப்தி.

ஆட்டம் முடிந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை என் எதிரே வந்து நின்றது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். குள்ளமாக, கெண்டைக்கால் மட்டும் கல் மாதிரி இருப்பாள். எனக்கு இடம் கொடுப்பதற்காக அன்று பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவள் அவள்தான்.

"அக்கா, நான் எதையும் மனசுல வச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். நீங்க வந்ததால எனக்கு இடம் போச்சு. நான் உங்களைவிட நல்லா ஆடியிருப்பேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அந்த அமெரிக்க லீகிலும் ஒவ்வொரு பெரிய பேர் வந்து இறங்கும்போது உள்ளூர்ப் பையன் ஒருவன் பெஞ்சுக்குப் போயிருப்பான். குரூப்பில் நான் அவ்வளவு சண்டை போட்டபோது அவனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

நீ சொல்வது சரிதான் என்றேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் நான் விலகிக்கொள்ளவும் மாட்டேன், இடம் வேண்டுமென்றால் என்னிடமிருந்து எடுத்துக்கொள் என்றேன்.

மறுநாள் கோச்சிடம் போய், யாரை இறக்குவதென்று ஃப்ளெக்ஸைப் பார்த்து முடிவு பண்ணாதே, ஆட்டத்தைப் பார்த்து முடிவு பண்ணு, எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிராக ஆடவிடு என்றேன். அவளுக்குச் சங்கடம். சார் என்ன சொல்வாரோ என்றாள், அதோடு அக்காவை எப்படி உட்காரச் சொல்வது என்றாள்.

"கோட்டுக்கு வெளிய நான் உனக்கு அக்கா. உள்ள வந்துட்டா நான் ஒரு பிளேயர். உட்காருன்னா உட்காருவேன்."

எதிரெதிராக ஆடினோம். இரண்டு சாயங்காலம் ஆடினோம். பந்து என்னிடம் வந்து நான் நிமிர்வதற்குள் அந்தப் பிள்ளை வந்துவிடும். முதல் நாள் என்னை உருட்டி எடுத்தாள். இரண்டாம் நாள் நான் கொஞ்சம் சமாளித்தேன், முழங்கையும் பயன்படுத்தினேன், ஆனாலும் அவள்தான் மேல். அதை அங்கே இருந்த எல்லாரும் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பெரியார் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்காரர் கேட்டபோது, நான் தோத்துட்டேன், ஆனா போவேன் என்று சொன்னேன். எம்புட்டு நாளைக்கு என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

கொட்டாம்பட்டியில் பொங்கலுக்குப் பிறகு ஒரு டோர்னமெண்ட் நடந்தது. நான்கு வழிச்சாலையிலிருந்து உள்ளே போனால் அறுப்பு முடிந்த வயல்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூட கிரவுண்டு. முதலாளி வழி நெடுக என் படம் போட்ட ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார். டிராக்டர் டிரெய்லரில் ஏறி நின்று பார்க்கிற அளவுக்குக் கூட்டம். அந்தப் பிள்ளையின் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய அப்பா கதிர் அடித்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

செமி ஃபைனல். கோச் பதினோரு பேரை வாசித்தாள். என் பேர் இல்லை. வாசித்துவிட்டு என்னைப் பார்க்காமல் கயிறு கட்டிய விசிலை விரலில் சுற்றினாள். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்து மாற்று ஆட்டக்காரர்கள் போடுகிற பிப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. ஃப்ளெக்ஸில் இருக்கிற ஆளைக் காணோமே என்று சத்தம் கிளம்பியது. முதலாளி கயிற்றைத் தாண்டி வந்து கோச்சிடம் என்னை இறக்கச் சொன்னார். அவள் பார்க்கலாம் சார் என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, ஜனங்க உங்களுக்காக வந்திருக்காக. பத்து நிமிஷம் போய் நின்னுட்டு வந்துருங்க."

"தேவைப்பட்டா கோச் கூப்பிடுவாங்க. கூப்பிட்டாப் போவேன். சும்மா போய் நிக்கமாட்டேன், தம்பி."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு செலவு பண்ணி என்று ஆரம்பித்தவர், பிள்ளைகள் பார்ப்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு பேர் என் பேரைச் சொல்லிக் கத்தும்போது உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. தொடையைக் கையால் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொட்டாம்பட்டிப் பிள்ளை அன்று ஆடிய ஆட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவளுடைய ஊர் பார்க்கிறது என்று அவளுக்குக் கால் பின்னவில்லை. நடுவில் இரண்டு பேரைக் கழற்றிவிட்டு இடது பக்கம் நீளமாக ஒரு பாஸ் கொடுத்தாள், அதிலிருந்து எங்களுக்கு ஒரு கோல் வந்தது. அவளுடைய அப்பா சிரிக்கவில்லை, கத்தவில்லை. துண்டை எடுத்து மறுபடி தலையில் கட்டினார்.

பாதி முடிந்து சற்று நேரத்தில் எங்கள் ஸ்டாப்பருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிற இடம் அது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோச் பெஞ்சைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஆட எங்களிடம் வேறு ஆள் இல்லை. நானும் அங்கே ஆடியதில்லை. வாழ்க்கை முழுக்க முன்னாலும் நடுவிலும் ஆடிப் பழகியவள்.

"அக்கா, ஸ்டாப்பர் ஆடுவீங்களா?" என்றாள். அது முதலாளிக்காகக் கேட்டதில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. பிப்பைக் கழற்றினேன்.

நான் உள்ளே போனதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தம் அடங்கும் முன்னே எதிர் டீமின் முன்வரிசைப் பெண் பந்தை என்னைத் தாண்டித் தட்டிவிட்டு ஓடினாள். திரும்பி அவளைத் துரத்தினேன். அவளுடைய முதுகுதான் தெரிந்தது, அதுவும் சின்னதாகிக்கொண்டே போனது. கோல். ஆட்டம் சமமாகிவிட்டது.

டிரெய்லரிலிருந்து ஒருவன், "பெரியம்மா, மேலூர் பஸ் வந்துருச்சு, கெளம்புங்க" என்றான். அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. சற்று முன் என் பேரைக் கத்தியவர்களும் அதில் இருந்தார்கள். காது சூடானது. திரும்பி அவனை நேராகப் பார்த்தேன், அவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ பேசத் தொடங்கினான். பஸ் போகட்டும், அடுத்த பஸ் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணோடு ஓட்டப்பந்தயம் ஓடுவதை விட்டுவிட்டேன். நாலடி பின்னால் நின்றேன். அவள் கிளம்பும் முன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். பாஸ் கொடுக்கப்போகிறவள் கண்ணைப் பார்த்தேன். அவள் வருகிற வழியில் நான் முன்கூட்டியே இருந்தேன். அழகாக ஒன்றும் ஆடவில்லை. வந்த பந்தையெல்லாம் வெளியே உதைத்தேன், ஒன்று வயலில் போய் விழுந்தது, கரும்புக்குள் போனதும் உண்டு. அவளை ஒரு தடவை மறித்தபோது இரண்டு பேரும் உருண்டோம், ரெஃப்ரி எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். முட்டி எரிந்தது. பிள்ளைகளை ஏறு, இறங்கு, இடது பக்கம் பார் என்று கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. அந்தப் பெண் மறுபடி கோல் அடிக்கவில்லை.

டை பிரேக்கருக்குப் போனது. முதல் பெனால்டியை நான் அடிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். யாருக்கும் நிரூபிக்க அல்ல. பிள்ளைகள் எல்லாரும் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால்தான். டிரெய்லர் பக்கம் இருக்கிற கம்பத்தை ஒட்டித் தரையோடு அடித்தேன். உள்ளே போனது. மற்றவர்களும் அடித்தார்கள், ஒருத்தி தவறவிட்டாள், அந்தப் பக்கம் இரண்டு பேர் தவறவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம்.

மறுநாள் பைனலில் தோற்றோம். அதில் நான் ஆடவில்லை. முட்டி வீங்கி, மடக்க முடியாமல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கொட்டாம்பட்டிப் பிள்ளைக்கு டோர்னமெண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு கோப்பையும் பித்தளைக் குத்துவிளக்கும் கொடுத்தார்கள். குத்துவிளக்கை அவளுடைய அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கோப்பையோடு எங்கள் வேனில் ஏறினாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஸ்டாப்பர் உங்களுக்கு நல்லா இருக்குக்கா. அங்கேயே இருந்துக்கங்க, என் இடத்துக்கு வராதீங்க" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அந்த மாதமே அடுப்படியில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நரைத்த தாடிக்காரர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். புது சீசன் தொடங்கும் முன்பே, பயிற்சியில் ஏதோ சதைப் பிடிப்பு, விழா எதுவும் கிடையாது. குரூப்பில் ஒருவர், டீச்சர் உங்க ஆளு பெட்டியைக் கட்டிட்டாரு என்று போட்டார். ஆமாம், ஆடி முடித்துவிட்டுக் கட்டினார் என்று நான் போட்டேன். கூடவே, வீங்கிய என் முட்டியின் படத்தையும் போட்டேன். சிலர் சிரித்த மாதிரி பொம்மை போட்டார்கள். ஒரு டீச்சர் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பி, நாற்பத்திரண்டு வயசில் சேர்த்துக்கொள்வார்களா, நான் ஒரு காலத்தில் கோல் கீப்பர் என்று கேட்டிருந்தாள். வந்து கோச்சிடம் கேட்டுப் பார் என்று எழுதினேன்.

முதலாளி பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வந்தார். இந்த முறை டீச்சர் ரூமிலேயே வந்து உட்கார்ந்தார். ரொம்ப நன்றி அக்கா, நினைத்ததைவிட நல்லாப் போச்சு என்றார். டோர்னமெண்ட் வரைக்கும்தான் நம் பேச்சு, இனி உங்களுக்கு வேறு ஒரு பொறுப்பு வைத்திருக்கிறேன், டீமின் தூதர் மாதிரி, கோட் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசி, பரிசு கொடுக்க வேண்டும், உடம்புக்கும் நோகாது என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கோட்டை நினைத்தாலே வேர்த்தது.

பரிசு கொடுக்க ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் ஆட்டக்காரி, டீமில் இடம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். பேசினபடி கொடுக்க இனி என்னால் முடியாதே என்று இழுத்தார். மற்ற பிள்ளைகளுக்கு என்னவோ அதுவே எனக்கும் என்றேன். அதாவது பஸ் காசும், பிராக்டிஸ் முடிந்தால் அவித்த முட்டையும். ஃப்ளெக்ஸில் என் படம் வேண்டாம், போட்டால் எல்லார் படத்தையும் போடுங்கள். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். இதை ஏன் ஒருத்தி கேட்டு வாங்குகிறாள் என்று அவருக்கு அன்று விளங்கவில்லை. இப்போது விளங்கியிருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது. கோச் சொன்னால் சரிதான் என்று எழுந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே கோச்சுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் அவளுடைய அம்மாவின் குரலும் தறிச் சத்தமும் கேட்டன. நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். முட்டி வீக்கம் வடிந்ததா என்று கேட்டாள். வடிந்துவிட்டது என்றேன். மடக்கிப் பார்த்தாயா என்று கேட்டாள். எப்போதிலிருந்து எனக்கு நீங்கள் போய் நீ வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை நாலரைக்கு பிராக்டிஸ். லேட்டா வந்தா கிரவுண்டைச் சுத்த விடுவேன்" என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஒரு தகப்பனார் தன் மகனை ஏன் ரிலே டீமில் எடுக்கவில்லை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சமாளித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் வரிசையில் நின்று கையைக் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கோச் என்னைப் பார்த்தாள், வாட்சைப் பார்த்தாள், விசிலால் கிரவுண்டின் ஓரத்தைக் காட்டினாள். பையை வேலியில் மாட்டிவிட்டு ஓட ஆரம்பித்தேன். என்னைப் போலவே தாமதமாக வந்த இரண்டு பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து, தள்ளுங்கக்கா என்று என்னைத் தாண்டிப் போனார்கள். நிழல் விழாத பாதியில் வெயில் இன்னும் சுள்ளென்று இருந்தது. அந்தப் பக்கம் திரும்பினேன்.